தகரக் கூரையின் கீழ் வடிவமைப்பு வகுப்பு: அஸ்ராக் குறிப்புகள்

ஜூலை 6
ஜோர்டான் பாலைவனத்தில் 2014 ஏப்ரலில் திறக்கப்பட்ட அகதி முகாம் அஸ்ராக். சிரியாவிலிருந்து வந்தவர்களுக்கானது. வீடு ஒவ்வொன்றும் 24 சதுர மீட்டர், இரும்புச் சட்டத்தில் தகடு. வடிவமைப்புப் பாடத்துக்குப் பிரச்சினை தேடி அலைய வேண்டியதில்லை, நண்பகல் சூடு போதும். ஆனால் கேள்வி முடியும் முன்பே மாணவர்களிடமிருந்து "மின்விசிறி வைக்கலாம்" என்று விடை வந்துவிடும். அதைப் பலகையில் எழுதக் கூடாது. எந்த மூலையில், எத்தனை மணிக்கு, எத்தனை டிகிரி? தெரியாதென்றால் அளக்க வேண்டும்.

ஜூலை 8
டிஎச்டி11 என்ற வெப்பநிலை உணரி மலிவு. ஆனால் 50 டிகிரிக்கு மேல் அளக்காது, வெயிலில் காயும் தகடு அதைத் தாண்டிவிடும். டிஎஸ்18பி20 வாங்குவது நல்லது: 125 டிகிரி வரை அளக்கும். ஆர்டுயினோவில் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) இணைக்கும்போது தரவுக் கம்பிக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் மின்தடையம் போட வேண்டும். மறந்தால் திரையில் −127 வரும். அதைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள். ஏமாற்றுவது 85: உணரி அளந்து முடிக்கும் முன்பே நிரல் படித்துவிட்டால் வரும் எண் அது. 12 பிட் (இந்த உணரியின் மிக நுண்ணிய) அளவுக்கு 750 மில்லிநொடி பொறுக்க வேண்டும். கொதிக்கும் கூரையடியில் 85-ஐ உண்மை என்றே எழுதிக்கொள்வார்கள்.

ஜூலை 13
யோசனைகளை ஒப்பிட மதிப்பெண் அட்டவணை. செலவு, முகாம் சந்தையில் கிடைக்கும் பொருள், தகட்டைத் துளைக்காமை, காற்றைத் தாங்குதல். யோசனைகளைச் சொல்லும் முன்பே ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று எடை போட்டு மூடிவிட வேண்டும். பிறகு போட்டால், பிடித்த யோசனை ஜெயிக்கும்படி எடைகள் நகரும். படித்த பொறியாளர்களும் செய்யும் தில்லுமுல்லுதான்.

ஜூலை 15
கூரைக்கு மேல் இரண்டாம் நிழல்: சோதனைக்கு ஒரே அளவில் இரண்டு தகரப் பெட்டிகள், பக்கம் பக்கமாக, ஒரே திசை பார்த்து. ஒன்றின் மேல் மட்டும் 10 செ.மீ. இடைவெளி விட்டுத் துணி. 5 நிமிடத்துக்கு ஒரு அளவு. பாதியில் உணரிகளை இடம் மாற்றினால், வித்தியாசம் பெட்டியுடையதா உணரியுடையதா என்று தெரியும். துணியின் ஓரங்களைப் பெட்டியோடு ஒட்டிக் கட்டினால் சூடான காற்று உள்ளேயே தங்கிவிடும், பலன் குறையும். ஓரம் திறந்திருக்க வேண்டும். அப்போது காற்று துணியைத் தூக்கப் பார்க்கும். ஆகவே நாளை கயிறு, மணல் மூட்டை, முடிச்சு.