புது பாக்டீரியா என்று நிரூபிப்பதற்குள்

மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுப்பது எளிது. அது புது இனம்தான் என்று காட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். பெங்களூருவில் என் பிஎச்.டி.யின் பெரும்பகுதி அப்படித்தான் போனது. இந்த வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால் எழுதிவைக்கிறேன்.

மண், ஹெப்பாளுக்கு வடக்கே ஒரு ராகி வயலோரத்துச் செம்மண். உலர்த்தி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஸ்டார்ச் கேசீன் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் பரப்பினோம். பூஞ்சை ஏறாமலிருக்க சைக்ளோஹெக்சிமைடு. எங்களுக்கு வேண்டியவை ஆக்டினோமைசீட்டுகள், பூஞ்சைபோல் இழைகளாக வளரும் பாக்டீரியாக்கள். அவற்றுக்கு அவசரமே கிடையாது. மற்றவை இரண்டு நாளில் தட்டை நிரப்பும், இவை வாரக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும். வெளுத்துப் பொடிபூத்த காலனி, ஊசியால் தொட்டால் அகாரைவிட்டு லேசில் வராது. மூடியைத் திறந்தால் மழை விழுந்த மண் வாசனை. அந்த வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளைத் தயாரிப்பதே பெரும்பாலும் ஆக்டினோமைசீட்டுகளில் ஒரு பேரினமான இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கூட்டம்தான்.

அப்புறம் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு. எல்லா பாக்டீரியாவிலும் இருப்பதால் இனங்களை ஒப்பிட அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். சுமார் 1,500 எழுத்துகள் கொண்ட அந்த வரிசையை, பெயர் பெற்ற இனங்களின் மாதிரித் திரிபுகளோடு, அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமாகச் சேகரத்தில் வைத்திருக்கும் வளர்ப்புகளோடு, மட்டும் ஒப்பிட வேண்டும். பொதுத் தரவுத்தளத்தில் தேடினால் 'வளர்க்கப்படாத பாக்டீரியா' என்று ஆயிரம் வரும்; அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். எங்களுடையது 99ஐத் தாண்டியிருந்தது. பலர் அங்கேயே கைவிட்டுவிடுவார்கள். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான மதுரை அக்கா விடவில்லை. "ஸ்ட்ரெப்டோமைசிஸ்ல இந்த நம்பரை நம்பாதடா, ஜீனோம் பாரு" என்றார். அவர் சொன்னது சரி. 98.7க்குக் கீழே போனால் வேறு இனம் என்று சொல்லலாம். மேலே இருந்தால் ஒரே இனம் என்று சொல்ல முடியாது. இந்தப் பேரினத்தில் 16எஸ் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் தனித்தனி இனங்கள் நிறைய உண்டு.

முழு ஜீனோம், அதாவது பாக்டீரியாவின் மொத்த டி.என்.ஏ. வரிசை, வந்ததும் ஏ.என்.ஐ. பார்த்தோம். இரண்டு ஜீனோம்களின் எழுத்துகள் சராசரியாக எத்தனை சதவீதம் ஒத்துப்போகின்றன என்ற கணக்கு அது. ஓர் இனத்துக்குள் அது 95-96க்கு மேல் இருக்க வேண்டும். எங்களுக்கு 90ஐக்கூடத் தொடவில்லை. இரண்டு உயிர்களின் டி.என்.ஏ. ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டும் என்று கணினியில் கணிக்கும் டி.என்.ஏ. கலப்பு மதிப்பும் 70 சதவீதம் என்ற எல்லைக்கு வெகு கீழே. அன்று சாயங்காலம் எல்லோருக்கும் மசாலா தோசை.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். நம் பாக்டீரியாவைவிட அதன் பக்கத்து வீட்டுக்காரர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருந்தது. நெருங்கிய இனங்களின் மாதிரித் திரிபுகளை ஜெர்மனியிலிருந்து, உறையவைத்து உலர்த்திய சிறு கண்ணாடிக் குப்பிகளில், இறக்குமதிக் காகிதங்களோடு வாங்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரே ஊடகம், ஒரே வெப்பநிலை, ஒரே வயது என்று வளர்த்தால்தான் அவற்றின் செல்லில் உள்ள கொழுப்பமிலங்களின் விகிதத்தை ஒப்பிடுவதற்கு அர்த்தம் உண்டு. வளரும் சூழல் மாறினால் அந்த விகிதமும் மாறும். பழைய கட்டுரைகளிலிருந்து எண்களை எடுத்துப் போட்டால் மதிப்பாய்வாளர் விடமாட்டார். அதோடு செல்சவ்வில் உள்ள குவினோன், துருவக் கொழுப்புகள், செல்சுவரில் எல்.எல். டி.ஏ.பி. என்ற அமினோ அமிலம் இருக்கிறதா என்ற சோதனை. எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது என்ற பட்டியலும் வேண்டும். இவை சலிப்பான வேலைகள். பாட்டு கேட்டுக்கொண்டே செய்யலாம்.

கடைசியில் டெபாசிட். பெயர் செல்லுபடியாக, மாதிரித் திரிபை இரு வேறு நாடுகளில் உள்ள பொதுச் சேகரங்களில் வைத்து, அது கிடைக்கும் என்பதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்தியாவில் சண்டிகரிலோ புணேயிலோ வைக்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்புவது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்துக்குள் வருகிறது. அதற்கான தேசிய ஆணையம் நம் சென்னையில்தான் இருக்கிறது. நாட்டின் வளத்தைக் காக்கும் சட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வகைப்பாட்டுக்காரனுக்கு அது மாதங்களை விழுங்கும் கட்டம். சேகரங்களும் திரிபை மறுபடி வளர்த்துச் சரிபார்த்த பிறகே சான்றிதழ் தரும்.

2022இல் வந்த ஸீக்கோட் (SeqCode) என்ற பெயரிடும் விதித்தொகுப்பின்படி ஜீனோமையே மாதிரியாக வைத்துப் பெயர் சூட்டலாம். வளர்க்கவே முடியாத உயிர்களுக்கு அது வரம். நம் கையில் வளரும் உயிர் இருக்கும்போது, உலகில் யார் கேட்டாலும் கிடைக்கும்படி வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆகவே, ஜீனோம் முடிவு வந்த வாரமே, வெளிநாட்டுக்கு அனுப்பத் தேசிய ஆணையத்துக்கான அனுமதி மனுவை எழுதத் தொடங்குங்கள். கொழுப்பமிலச் சோதனை அதுபாட்டுக்கு ஓடட்டும்.