தவறான விடைக்குள் இருக்கும் கணக்கு

52 − 17 எவ்வளவு என்று கேட்டால் சில குழந்தைகள் 45 என்று போடுவார்கள். சரியான விடை 35. கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. தொடக்கப்பள்ளிக் கணக்கு மென்பொருள் எழுதும் வேலையில் என்னை அதிகம் ஈர்ப்பது இப்படிப்பட்ட விடைகள்தான்.

இரண்டில் ஏழு போகாது. அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5, அப்புறம் ஐந்தில் ஒன்று போக 4. எந்த இடமானாலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழிப்பது என்று அந்தக் குழந்தை ஒரு விதி வைத்திருக்கிறது. அதை ஒழுங்காகப் பின்பற்றவும் செய்கிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-லேயே இத்தகைய பிழைகளை ஆராய்ந்து, அவற்றுக்குப் பின்னால் நிலையான வழிமுறைகள் இருப்பதைக் காட்டினார்கள். பாதி கற்ற விதியைப் பிடித்துக்கொண்டு நேர்மையாகக் கணக்குப் போடும் குழந்தைக்குத் திரையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியை மட்டும் காட்டுவது அநியாயம்.

ஆனால் 45 வேறு வழியிலும் வரும். கடன் வாங்கி 12-ல் 7 போக 5 என்று சரியாகப் போட்டுவிட்டு, பத்துகள் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்தாலும் 45தான். இரண்டு குழந்தைகளுக்கும் தேவையான உதவி வேறு வேறு, விடையோ ஒன்று. கடன் வாங்க வேண்டிய கணக்கில் ஒன்றுகள் இடத்து இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். எண்களைக் குருட்டாம்போக்கில் உருவாக்கும் நிரலுக்கு இது தெரியாது. 50 − 23 கொடுத்துப் பாருங்கள்: பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கும் குழந்தை 33 என்னும், குறைக்க மறந்தது 37 என்னும், பூஜ்யத்தில் எதைக் கழித்தாலும் பூஜ்யம்தான் என்று நினைப்பது 30 என்னும். நல்ல கேள்வி என்றால் எனக்கு இதுதான். ஒவ்வொரு கணக்கையும் சேர்க்கும்போது, எந்தப் பிழை எந்த விடையைத் தரும் என்பதையும் கூடவே கணக்கிட்டு வைக்கிறோம்.

விடை எழுதும் பெட்டியிலும் இதே அக்கறை வேண்டும். தாளில் குழந்தை ஒன்றுகள் இடத்தில் தொடங்கி இடப்பக்கமாக எழுதிப் போகும். சாதாரணப் பெட்டியோ இடமிருந்து வலமாக ஓடும். 50 − 23-க்கு 27 என்று சரியாகக் கண்டுபிடித்த குழந்தை முதலில் 7, அடுத்து 2 என்று தட்டினால் 72 பதிவாகிவிடும். அதனால் இலக்கத்துக்கு ஒரு கட்டம் வைத்து, ஒன்றுகள் கட்டத்திலிருந்து தொடங்க வைப்பதே சரி. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கண்ணை மூடித் தொட்டாலே நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, அதோடு குழந்தை சொந்தமாகப் போட்டிருக்கக்கூடிய தவறும் நம் கைக்கு வராது. கற்றுக்கொள்ளும் கட்டத்தில் ஓடும் கடிகாரமும் வேண்டாம்.

அதே கணக்குக்கு 33 என்று வந்தால் திரையில் ஐந்து பத்துக்கட்டுகள் வரும், உதிரி ஒன்றுகூட இருக்காது. அதிலிருந்து 23 எடுக்க வேண்டும். ஒரு கட்டைப் பிரிக்காமல் மூன்றை எடுக்க முடியாது. பிரிப்பது குழந்தையின் விரல்தான். மென்பொருள் பொறுமையாகக் காத்திருக்கும். 37 போட்ட குழந்தைக்கு, கட்டைப் பிரித்தபின் மீதம் எத்தனை கட்டு என்ற ஒரு கேள்வியே பெரும்பாலும் போதும்.

ஆசிரியரின் திரையிலும் மதிப்பெண்ணை முன்னால் நிறுத்துவதில்லை. யார் யாருக்குக் கடன் வாங்கியபின் குறைக்க மறந்துபோகிறது என்று சேர்த்துக் காட்டினால், அவர்களை ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். இப்போது 503 − 247 போன்ற, நடுவில் பூஜ்யம் வரும் கணக்குகளில் இறங்கியிருக்கிறோம். பத்துகள் இடத்தில் ஒன்றுமில்லாததால் கடன் நூறுகள்வரை போகிறது. பிழைகளின் பட்டியலும் நீண்டுகொண்டே போகிறது.