பையில் எப்போதும் சீனி

மலேசியாவில் எங்கள் ஊரான பந்திங் பஸ் நிலையத்தில் காலை ஆறேகாலுக்குக் கிள்ளான் பஸ் ஏறினால்தான் எட்டு மணி வகுப்பைப் பிடிக்க முடியும். அதற்கு முன்னால் விரலில் குத்தி அளவு பார்த்து, ஊசி போட்டு, அம்மா சுட்ட இரண்டு தோசையைச் சாப்பிட்டுவிட வேண்டும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும், சாப்பிட்டுவிட்டு ஊசியை மறந்தால் ஏறிவிடும். எட்டு வருஷமாக என் காலை இப்படித்தான்.

எனக்கு இருப்பது முதல் வகை நீரிழிவு. எங்கள் தோட்டத்தில் இனிப்புநீர் இல்லாத வீடு எது? ஆனால் அது தாத்தா பாட்டிக்கு வருவது, மாத்திரையில் ஓடுவது. அதனால் "இந்த வயசிலா? ரொம்ப இனிப்பு சாப்பிட்டியா?" என்று கேட்பார்கள். இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது, ஊசி இல்லாமல் எனக்கு வழி கிடையாது. 14 வயதில் மருத்துவமனையில் கிடந்தபோது டாக்டர் ஒன்று சொன்னார்: 1922-இல் டொரொண்டோவில் முதன்முதலாக இன்சுலின் போட்டுக்கொண்ட பையனுக்கும் 14 வயதுதான், அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் Banting, அப்படியே நம் ஊர்ப் பெயர். இன்றைக்கும் ஊர்ப் பலகையைப் பார்த்தால் அந்தப் பையன் ஞாபகம் வரும்.

கல்லூரியில் சேர்ந்தபோது அம்மா, "யார்கிட்டயும் சொல்லாதே, நாளைக்கு உனக்கு வரன் பார்க்க வேண்டாமா?" என்றார். முதல் செமஸ்டர் முழுக்கக் கழிவறைக்குள் நின்றுதான் ஊசி போட்டேன்.

அப்புறம் நோன்பு மாதம் வந்தது. பகலில் கேண்டீன் அடைத்திருக்கும், நோன்பு இருக்கும் தோழிகள் முன்னால் வாயில் எதையும் போடக் கூச்சம். ஒருநாள் மதிய வகுப்பு நீண்டுகொண்டே போனது. திரையில் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, முதுகில் சில்லென்று வியர்வை, பேனா பிடித்த விரல் நடுங்கியது. மேசைக்கு அடியில் குத்திப் பார்த்தேன்: 2.9 mmol/L. நாலுக்குக் கீழே போனாலே உடனே ஏதாவது சாப்பிட வேண்டும். பையில் சீனி இருக்கிறது, ஆனால் ஜிப்பைத் திறக்கக் கை வரவில்லை. பக்கத்தில் இருந்த மலாய்த் தோழிதான் கவனித்தாள். நான் தட்டுத் தடுமாறிச் சொல்லச் சொல்ல, மூன்று தேக்கரண்டி அளவு சீனியை என் தண்ணீர் போத்தலில் கரைத்து மெல்ல மெல்லக் குடிக்க வைத்தாள், விடியற்காலையிலிருந்து தான் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவள். பதினைந்து நிமிஷம் கழித்து 4.6. மறுநாளிலிருந்து பன்னிரண்டரை ஆனால் "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாயா?) என்று அவள்தான் முதலில் கேட்பாள்.

அந்த வாரமே கிளினிக் கடிதத்தோடு ஒவ்வொரு விரிவுரையாளரிடமும் போனேன். ஒருவர், "இவ்வளவு வியாதியோடு ஏன் படிக்க வந்தாய்?" என்றார். அன்று பஸ்ஸில் கிள்ளானிலிருந்து ஊர் வரை அழுதேன். மற்றவர்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, தேர்வு மண்டபத்தில் மேசைமேல் மீட்டரும் மிட்டாயும் வைத்துக்கொள்ள எழுதிக் கொடுத்தார்கள். இதே நோயோடு படிக்கப் போகும் தம்பி தங்கைகளே, முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள், மயங்கி விழுந்த பிறகு சொல்வது ரொம்பக் கஷ்டம். தேர்வு அட்டவணை வந்ததும் மருத்துவமனைத் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளிதான் (ரிங்கிட்), நாம் தவறவிடுவது காசால் இல்லை, அன்றைக்கு ஒரு டெஸ்ட் இருக்கிறதே என்றுதான்.

மருந்தைப் பற்றியும் வீட்டில் சொல்லி வையுங்கள். கெட்டுப்போகக் கூடாது என்று என் தம்பி புது இன்சுலின் ஊசிப் பேனாக்களை ஐஸ்கட்டி வைக்கும் தட்டில் வைத்துவிட்டான். உறைந்த இன்சுலினை உருக்கிப் போடக்கூடாது, மூன்று பேனாவும் குப்பைக்குப் போயின. பாவம், அவனுக்கு யார் சொன்னோம்?

போன மாதம் பஸ் ஏறும்போது ஓட்டுநர் அங்கிள், "தங்கச்சி, இன்னைக்குச் சாப்பிட்டியா? சீனி இருக்கா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு எப்படித் தெரியும்? முந்தின நாள் அம்மா பஸ் நிலையத்துக்கு நடந்தே வந்து, என் மகளுக்கு இனிப்புநீர், அவள் சீட்டில் சாய்ந்து கிடந்தால் தூங்குகிறாள் என்று விட்டுவிடாதீர்கள், எழுப்பிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.