சுங்கை சிப்புட்டில் ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்கிறோம்

என் கணவருக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில் பொறியாளர் வேலை கிடைத்ததும், தஞ்சாவூரில் எங்கள் இரண்டு வீட்டாரும் கேட்டது ஒன்றைத்தான்: பிள்ளை விஷயம் என்னாவது? நியாயமான கேள்வி. தத்தெடுப்பது என்று நாங்கள் முடிவு செய்து, பெரியவர்களிடம் சொல்லி, அவர்களும் மனம் ஒப்பி வந்த நேரத்தில்தான் இந்த வேலை வந்தது. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் உள்ளூர்த் தம்பதியரும் ஒரே மூப்பு வரிசையில் சமமாக நடத்தப்படுவார்கள் என்று தத்தெடுப்பு விதிமுறைகளில் படித்த பிறகே பெட்டி கட்டத் துணிந்தேன்.

சுங்கை சிப்புட் ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் தோட்டப்புறப் பட்டணம். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர். இப்போது கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. தோட்டத் தொழிலாளர்களுக்கான பழைய லயத்து வீடுகளிலிருந்து வந்து பட்டணத்தின் ஓரத்தில் வீடு கட்டிக்கொண்ட குடும்பங்கள் நிறைய. எங்கள் வாடகை வீடும் அப்படிப்பட்ட ஒரு வரிசையில்தான் இருக்கிறது. காலையில் கடைத்தெருவில் நாசி லெமாக் பொட்டலமும் இட்லியும் ஒரே மேசையில் கிடைக்கும். காய்கறிக்காரரிடம் மலாயில் விலை கேட்கப் பழகினேன். அவர் தமிழில் பதில் சொன்னார். மதியத்துக்கு மேல் இடி இடித்து மழை கொட்டும். துணியை எப்போது எடுக்க வேண்டும் என்பதை வானம் பார்த்துச் சொல்ல இப்போது எனக்கும் தெரியும்.

பிள்ளைக்கான பதிவு இந்திய அரசின் மத்திய தத்தெடுப்பு ஆணையமான காரா வழியாக நடந்தது. பிள்ளையின் வயதுக்கு ஏற்பப் பெற்றோரின் கூட்டு வயதுக்கு வரம்பு உண்டு: இரண்டு வயது வரையுள்ள குழந்தை என்றால் தம்பதியரின் வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது, இரண்டுக்கு மேல் நான்கு வரை என்றால் 90. எங்கள் இருவர் வயதும் சேர்ந்து 88. ஆகவே கைக்குழந்தை எங்களுக்கு இல்லை. அதற்காக ஒரு நாள் முழுக்க அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழுது முடித்த பிறகு வேறொன்று உறைத்தது. எங்கள் பிள்ளை ஏற்கெனவே பிறந்திருக்கலாம். எங்கோ ஓர் இல்லத்தில் யாரோ ஒரு பெண் அதற்குத் தலை வாரிவிடுகிறார், சோறு ஊட்டுகிறார். அந்த முகம் தெரியாத பெண்ணுக்காகவும் சேர்த்துத்தான் அன்றிலிருந்து விளக்கு ஏற்றுகிறேன்.

நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பைப் பற்றிய 1993 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது, மலேசியா இல்லை. அதனால் இங்கிருக்கும் எங்களைப் போன்றவர்கள் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாகச் செல்ல வேண்டியிருக்கிறது. ஈப்போவில் ரயில் ஏறினால் தலைநகர் இரண்டரை மணி நேரம். திருமணச் சான்று, மருத்துவச் சான்று, வருமானச் சான்று, இரு நாட்டுக் காவல்துறைச் சான்று என்று ஒரு கோப்பு வீங்கிக்கொண்டே போனது. ஓர் அலுவலகத்தில் என் தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதாகச் சொல்லி முழுக் கோப்பையும் திருப்பிவிட்டார்கள். அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு ஓர் எழுத்தின் பெயரால் போகும் மாதங்கள் எவ்வளவு பெரியவை என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உணர வேண்டும்.

வீட்டு ஆய்வுக்கு வந்த சமூகநலப் பணியாளர் வங்கிக் கணக்கைப் பற்றி அதிகம் பேசவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?" என்று கேட்டார். எந்தப் பள்ளி, எந்த மருத்துவமனை, இந்த வரிசையில் யாரையெல்லாம் தெரியும் என்று கேள்விகள் அப்படியே போயின. அவற்றுக்குப் பதில் தேடும்போதுதான் எனக்கு ஒன்று தெளிந்தது. பிள்ளைக்குக் காத்திருப்பதும் இந்த ஊரோடு ஒட்டுவதும் ஒரே வேலை. நான் வேரூன்றாத ஊருக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து "இதுதான் உன் வீடு" என்று எந்த வாயால் சொல்வேன்?

கதவு என்றதும் நான் சொன்னது பக்கத்து வீட்டுப் பாட்டியின் பெயரை.

பாட்டி பிறப்பால் சீனர். நெற்றியில் திருநீறு, கழுத்தில் தாலிக்கொடி, வாயில் வெற்றிலை. பேசுவது தோட்டத்துத் தமிழ். 1948 ஜூன் மாதம் இந்தப் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டதும் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டில் இருந்த கிளர்ச்சியாளர்களுக்கு உதவி போகாமல் தடுக்க, காட்டோரத்தில் இருந்த சீனக் குடும்பங்கள் முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டன. அந்தக் கெடுபிடிக் காலத்தில், நான்காவதும் பெண்ணாகப் பிறந்த பாட்டியை, பால்மரம் சீவிக்கொண்டிருந்த ஒரு தமிழ்த் தாயிடம் கொடுத்துவிட்டார்கள். இப்படித் தமிழ் வீடுகளில் வளர்ந்த சீனப் பெண் குழந்தைகள் இந்நாட்டுத் தோட்டங்களில் பலர். விடியுமுன் அம்மா தோட்டத்து ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போகும்போது தன்னை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார் என்பதைப் பாட்டி இன்றும் சொல்கிறார். அங்கே தகரக் குவளையில் பால் கொடுப்பார்களாம். அந்தக் குவளையைப் பாட்டி வைத்திருக்கிறார்; விளிம்பு நசுங்கி, அடியில் ஆணியால் கீறிய ஓர் எண்ணுடன் சமையலறை அலமாரியில் இருக்கிறது.

உறவினர்கள் சிலர் குறுக்கு வழி சொன்னார்கள். "தெரிந்த நர்ஸ் ஒருவர் இருக்கிறார், பேசி முடித்துக் கையோடு வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்" என்று ஒருவர் தொலைபேசியிலேயே தொகை வரை சொன்னார். குழந்தையைப் பணத்துக்கு வாங்குவதும் விற்பதும் இந்தியச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். அதைவிட, பாட்டி சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது. அவரை எடுத்து வளர்த்ததற்கு எந்தக் காகிதமும் இல்லை. பிறப்புச் சான்று இல்லை. பல ஆண்டுகள் சிவப்பு அடையாள அட்டையோடு நிரந்தரவாசியாக மட்டும் இருந்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகுதான் குடியுரிமைக்கான நீல அட்டை கைக்கு வந்தது. "என் அம்மா எனக்கு எல்லாம் கொடுத்தாள். காகிதம் மட்டும்தான் கொடுக்கத் தெரியவில்லை. நீ காகிதத்தோடு கொண்டுவா, மகளே, எத்தனை வருஷம் ஆனாலும்" என்றார். அன்றிலிருந்து அந்தக் கோப்பு எனக்குப் பாரமாகத் தோன்றவில்லை.

ஆனால் காத்திருப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் ஒப்பமாட்டேன். அறுத்த செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் ஏற்றிவிட வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடிவிடும் என்பார் என் கணவர். அந்த அவசரத்திலேயே பகலெல்லாம் நின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறவர், சாப்பிட உட்காருமுன் கணினியைத் திறந்து வரிசை எண்ணைப் பார்ப்பார். அது சில வாரம் நகராது. அன்று இருவரும் அதிகம் பேச மாட்டோம். 2024–25ல் இந்தியா முழுவதும் முறைப்படி தத்துப் போன குழந்தைகள் 4,515 பேர். காத்திருக்கும் பெற்றோரோ முப்பதாயிரத்துக்கும் மேல். கணக்கு புரிகிறது. மனது புரிந்துகொள்ள நேரம் எடுக்கிறது.

அதற்கிடையில் வேலைகள் இருக்கின்றன. மாலையில் எங்கள் வரிசைப் பிள்ளைகள் ஆறேழு பேர் தமிழ்ப்பள்ளிப் பாடப் புத்தகங்களோடு எங்கள் கூடத்தில் உட்காருகிறார்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலில் கூழ் காய்ச்சும் பெண்களோடு நானும் நிற்கிறேன். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு எல்லோரும் ஒரே வேனில் போகிறோம். வெளிநாட்டுக் குடிமக்களின் பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்க்க என்னென்ன அனுமதி வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளை எந்த மாநிலத்திலிருந்தும் அமையலாம். ஒடியாவோ மராத்தியோ பேசிக்கொண்டு வரலாம். பசி, தண்ணீர், வலி, தூக்கம், பயம் ஆகிய சொற்களை நான்கைந்து மொழிகளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். முதல் வாரத்தில் பிள்ளை "வலிக்கிறது" என்று சொன்னால் எங்களுக்கு அது புரிந்தாக வேண்டும்.

வீட்டு ஆய்வறிக்கை மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். எங்களுடையதைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. அந்தப் பணியாளர் அடுத்த மாதம் மறுபடி வருகிறார். பிள்ளை அமைந்தால் புகைப்படமும் மருத்துவ அறிக்கையும் வரும். நாங்கள் சம்மதித்து, காராவின் தடையில்லாச் சான்று கிடைத்தபின் மாவட்ட ஆட்சியர் தத்து ஆணை பிறப்பிப்பார். சிறார் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு அது நீதிமன்றத்திலிருந்து ஆட்சியரிடம் வந்துவிட்டது. பிறகு பாஸ்போர்ட், பிள்ளை இங்கே எங்களோடு தங்கச் சார்ந்தோர் அனுமதி, இரண்டு ஆண்டுகளுக்குப் பிள்ளையின் நலன் பற்றிய அறிக்கைகள். பிள்ளையை அழைத்துவர இந்தியா போகும்போது பாட்டியும் எங்களோடு வருகிறார். அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். எடுத்து வளர்த்த அம்மாவின் ஊர் முசிறிக்குப் பக்கம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.