பிள்ளைகளிடம் சத்தியம் கேட்காதீர்கள்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், தேடுவதற்கு முன்னாலேயே சத்தியம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். சில வீட்டில் சூடத்தை அணைக்கச் சொல்வார்கள், சில வீட்டில் பைபிள் மேல் கை வைக்கச் சொல்வார்கள். பெரியவர்களிடம் அப்படிக் கேட்க யாருக்கும் துணிச்சல் வராது. அகப்படுவது பிள்ளைகள்தான். "எடுக்கலன்னா சத்தியம் பண்ணுறதுக்கு என்ன பயம்?" என்று கேட்பார்கள். கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். எனக்கு இதைவிடப் பெரிய அநியாயம் தெரியவில்லை.

சுசீந்திரம் கோயிலில் முன்பு கைமுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும். கை வெந்தால் குற்றவாளி, வேகவில்லை என்றால் நிரபராதி. திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா ஆட்சியில்தான் (1829–1846) அதை நிறுத்தினார்கள். மும்மூர்த்திகளையும் அனுசூயை கைக்குழந்தைகளாக மாற்றிய கதையைச் சொல்வதும் இதே கோயிலின் தலபுராணம்தான். அந்தக் கதையும் அந்த நெய்யும் ஒரே இடத்தில் இருந்தன என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. நெய் போய்விட்டது. ஆனால் "நீ செய்யலன்னு நீயே காட்டு" என்கிற கேள்வி நம் வீடுகளில் அப்படியே இருக்கிறது.

குலசேகரம் பக்கத்தில் என் மாமி வீடு. சுற்றிலும் ரப்பர் தோட்டம். போன கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ஒரு தோட்டக்காரரின், ரப்பர் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிற புரையிலிருந்து (கொட்டகையிலிருந்து) ஒரு சாக்கு ஒட்டுப்பால் காணாமல் போனது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பால் எடுத்த பிறகும் மரத்தில் கொஞ்சம் கசியும். அது வெட்டின தடத்தில் நூலாகவும் பால் பிடிக்கிற சிரட்டையில் கட்டியாகவும் உறைந்துவிடும். அதுதான் ஒட்டுப்பால். ஷீட் விலை வராது, ஆனாலும் கிலோ கணக்கில் காசுதான்.

அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிற நாலாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பிடித்துக் குருசடி (சிலுவை வைத்த சின்ன வழிபாட்டு இடம்) முன்னால் நிறுத்தினார்கள். கையில் மெழுகுதிரியைக் கொடுத்து, "ஒட்டுப்பால் எடுத்தியாலே?" என்று கேட்டார்கள். அவன் "எடுத்தேன்" என்றான். அவ்வளவுதான், அடி விழுந்தது.

சத்தம் கேட்டு மாமி ஓடி வந்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எவ்வளவு எடுத்தே மக்ளே?"

பையன் நிக்கர் பையில் கையை விட்டான். வந்தது ஒரு பந்து. மரத்திலிருந்து உரித்த நூலைச் சுற்றிச் சுற்றிச் செய்தது, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பையின் துணி அதில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. ஒட்டுப்பாலுக்கே உரிய அந்த நாற்றம் வேறு. ரப்பர் நாட்டில் பிறந்த எந்தப் பிள்ளை அந்தப் பந்தைச் செய்யாமல் வளர்ந்திருக்கிறது? கேட்டதற்கு உள்ளதைச் சொன்னான். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அடி வாங்கியிருக்க மாட்டான்.

"சாக்கு போச்சுன்னா ஸ்டேஷன்ல போய் எழுதிக் குடும். பிள்ளை கையில மெழுகுதிரியக் குடுக்காதியும்" என்று மாமி அந்தத் தோட்டக்காரரிடம் சொன்னாள். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். சாக்கு கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது, அது அந்தப் பையனின் கவலையும் இல்லை.

தக்கலையில் ஒரு வக்கீல் ஆபீஸில் எனக்கு டைப்பிங் வேலை. "மனுதாரர் நிரபராதி, பொய்யாகச் சேர்க்கப்பட்டுள்ளார்" என்று அடிக்காத நாள் அபூர்வம். அடித்து அடித்து அந்த வரியில் உயிரே இல்லாமல் போயிருந்தது. நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் வேலை என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து கோர்ட் ஒருவரை விடுதலை செய்தால், ஊரில் "தப்பிச்சிட்டான்" என்றுதானே பேசுகிறார்கள்?

ஜனவரியில் அந்தப் பையனின் அம்மா ஆபீஸுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் அவனை "ஒட்டுப்பால்" என்று கூப்பிடுகிறார்களாம். "இவன் எடுக்கலன்னு கோர்ட்டுல ஒரு பேப்பர் வாங்க முடியுமா பிள்ளே?" என்று கேட்டார்.

வழக்கே இல்லாதபோது எந்தப் பேப்பரும் வாங்க முடியாது. அதனால் சட்டத்தில் இருப்பதையே எளிய தமிழில் ஒரு தாளில் அடித்தேன். 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்வது எதுவும் குற்றம் ஆகாது. 7 முதல் 12 வயது வரை, செய்வதன் தன்மையும் விளைவும் புரிகிற முதிர்ச்சி அந்தப் பிள்ளைக்கு இல்லை என்றால் குற்றம் இல்லை. இரண்டும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 20, 21-ஆம் பிரிவுகள். அப்புறம் 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 3. அதில் முதல் கொள்கையே 18 வயது வரை எந்தப் பிள்ளையையும் கெட்ட எண்ணம் இல்லாதவராகத்தான் கருத வேண்டும் என்பது. இதை மட்டும் கொட்டை எழுத்தில் அடித்தேன்.

அவர் இரண்டு பிரதி கேட்டார். ஒன்று வகுப்பு டீச்சருக்கு. இன்னொன்றைத் தோட்டக்காரர் வீட்டில் தானே கொண்டுபோய்க் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.