சாவி ஏற்காட்டில் இருக்கிறது

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை இரவு பத்தரை மணிக்கு, சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறை ஒன்றுக்காகக் கொலுசு டிசைன் வரைந்துகொண்டிருந்தேன். சலங்கைக்கு மேலே வரும் மாங்காய் வளைவு சரியாக அமையவில்லை. பழைய மாதிரி ஒன்றைப் பார்க்கலாம் என்று பிரவுசரைத் திறந்தேன். மூடும்போது மணி ஒன்றே கால். வளைவு அப்படியே கிடந்தது. பார்த்த வீடியோக்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. காலையில் பட்டறையில் இரண்டு பேர் என் படத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது எனக்கு ரொம்ப வலித்தது.

அன்றிலிருந்து மூன்று மாதமாக, ஓய்வு நேரத்தில் ஒரே வேலைதான். கவனத்தைக் கலைக்கும் தளங்களை அடைக்கும் மென்பொருளை, நானே நினைத்தாலும் சட்டென்று கழற்ற முடியாதபடி இறுக்குவது. என்னுடையது விண்டோஸுக்குப் பதில் உபுண்டு போட்ட லேப்டாப். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குக் கட்டளைகள் மாறும், ஓட்டைகள் பெரும்பாலும் இதேதான்.

முதலில் ஃபயர்ஃபாக்ஸில் லீச்பிளாக் போட்டேன். பிரவுசரோடு சேர்ந்து ஓடி, சொன்ன தளங்களை அடைக்கும் நல்ல நீட்சி. அதன் அமைப்புகளைத் திறக்க வேண்டுமென்றால், தாறுமாறான 64 எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வைக்கலாம். முதல் நாள் எரிச்சலில் விட்டுவிட்டேன். நான்காம் நாள் விரல் பழகிவிட்டது. ஆறாம் நாள் அதுவும் தேவைப்படவில்லை, நீட்சியையே நீக்கிவிட்டேன். நீக்குவதற்கு இரண்டு கிளிக் போதும்.

அப்புறம் ஹோஸ்ட்ஸ் கோப்பு, எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டர் பார்க்கும் பட்டியல். யூடியூப், இன்ஸ்டாகிராம் பெயர்களை எழுதி, எதிரே எங்கும் போகாத முகவரியான 0.0.0.0 என்று போட்டால் எந்தப் பிரவுசரில் கேட்டாலும் போகாது. இந்தக் கோப்பில் ‘இதன் கீழ் வரும் எல்லாமும்’ என்று ஒரே வரியில் எழுத முடியாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ வருவது, எம் வருவது என்று ஒவ்வொன்றையும் தனியாக எழுத வேண்டும். எம் வரியை மறந்துபோய், மொபைல் பக்கம் வழியாக ஒரு வாரம் உள்ளே போய் வந்துகொண்டிருந்தேன். கோப்புக்கு ‘மாற்றக்கூடாது’ என்ற கொடியும் ஏற்றினேன். ஆனால் ஏற்றத் தெரிந்தவனுக்கு இறக்கவும் தெரியும். நிர்வாக உரிமையோடு கட்டளையிட வைக்கும் சூடோவின் கடவுச்சொல் என் விரல் நுனியில் இருக்கும்வரை வேலியே பயிரை மேய்ந்துகொண்டுதான் இருக்கும்.

சரி, சூடோவையே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். நிர்வாகக் கணக்கைத் தனியாக உருவாக்கி, அதற்கு 24 எழுத்தில் பொருளே இல்லாத கடவுச்சொல் ஒன்றை ஒரு தாளில் எழுதினேன். தினமும் வேலை செய்யும் கணக்கை சூடோ குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தால், உபுண்டுவில் பழுது பார்ப்பதற்கான ரெகவரி மோடு இருக்கிறது. மெஷினைத் தட்டி எழுப்பும்போது வரும் மெனுவில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தால், கடவுச்சொல் கேட்காமலே ரூட், அதாவது முழு நிர்வாக அதிகாரம், கிடைத்துவிடும். அதை அடைக்க, அந்த மெனுவைக் காட்டும் க்ரப்புக்குக் கடவுச்சொல் வைத்தேன். இதைச் செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. மெனு வரிகளில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால், சாதாரணமாக மெஷினைத் திறப்பதற்கும் கடவுச்சொல் கேட்கும். எனக்குக் கேட்டது. தாள் அப்போது கையில் இருந்ததால் தப்பித்தேன்.

யூஎஸ்பியில் வேறு உபுண்டுவைச் செருகிக் கிளப்பினால் எல்லாப் பூட்டும் வீண். அதற்கு, உபுண்டுவுக்கும் முன்னால் ஓடும் பயாஸில் யூஎஸ்பியிலிருந்து கிளம்பும் வசதியை அணைத்து, பயாஸுக்கும் கடவுச்சொல் வைத்தேன். அடைத்த தளத்தை வேறொரு கம்ப்யூட்டர் வழியாகக் கொண்டுவரும் ப்ராக்ஸி நீட்சிகள் இன்னொரு சந்து. ஃபயர்ஃபாக்ஸில் எதை அனுமதிக்கலாம் என்று சொல்லும் பாலிசி கோப்பு ரூட்டின் கையில் இருப்பது. அதில் நான் அனுமதித்த நீட்சிகளைத் தவிர வேறு எதுவும் ஏறக்கூடாது என்று எழுதிவிட்டேன்.

இனித் தாளை யாரிடம் கொடுப்பது? அம்மாவிடம் கொடுத்தால் நான் கேட்ட மறு நிமிடம் தந்துவிடுவார். நண்பனிடம் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிடுவான். ஏற்காட்டில் இருக்கும் அத்தை நினைவுக்கு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒண்டிக்கடையில் இறங்கி அவர் வீட்டுக்கு நடந்தேன்.

உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “என்ன கண்ணு இது, அடகுச் சீட்டா?”

“கம்ப்யூட்டர் சாவி அத்தை. நான் போன்ல கேட்டா குடுக்காதீங்க. நேர்ல வந்தாத்தான்.”

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சமையலறையில் மேல் தட்டிலிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவை இறக்கினார். முக்கால்வாசி மிளகு. கையை விட்டு மிளகை ஒதுக்கி, உறையை அடியில் படுக்க வைத்து, மேலே மூடிவிட்டார். நான் திரும்பி வரும் வழியெல்லாம் சட்டையில் மிளகு வாசம் இருந்தது.

ஆவணி முகூர்த்த ஆர்டர்கள் குவிந்த வாரத்தில் ஒரு இரவு நான் அவருக்குப் போன் செய்தேன். அவசரமாக ஒரு படம் பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அந்த நேரத்தில் நானே அதை உண்மை என்று நம்பினேன். அத்தை குரலை உயர்த்தவில்லை. “நேர்ல வந்தாத்தான்னு நீதானே சொன்ன. நேரமே கெளம்பி வா கண்ணு, காப்பி போட்டுத் தர்றேன்” என்றார். போனை வைத்துவிட்டு அந்த வளைவை வெறும் தாளில் பென்சிலால் ஏழெட்டு முறை வரைந்தேன். ஏழாவதோ எட்டாவதோதான் பட்டறைக்குப் போனது.

அந்த இரவு எனக்கு இன்னொன்றும் புரிந்தது. உண்மையாகவே தேவைப்படும் நாளும் வரும். அன்றைக்கு வழியே இல்லை என்றால் ஏதாவது கோபத்தில் மொத்தத்தையும் பிடுங்கி எறிந்துவிடுவேன். கேட்டால் திறக்க வேண்டும், ஆனால் கேட்டவுடன் திறக்கக் கூடாது. அதனால் அடுத்த ஞாயிறு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன். அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காரணத்தைக் குறித்துத்தான் விண்ணப்பிக்க முடியும் என்ற விதியோடு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். நான் ஒரு கோப்பில் ஒரு வரி எழுதி வைத்தால், ரூட்டில் ஓடும் சிஸ்டம்டி டைமர் (குறித்த இடைவெளியில் வேலையைத் தானாக ஓட்டும் உபுண்டு வசதி) 10 நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணிக்கையில் ஒன்று கூட்டும். 36 ஆனதும் தளங்கள் ஒரு மணி நேரம் திறக்கும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். கடிகார நேரத்தைப் பார்த்துத் திறக்கும்படி முதலில் எழுதியிருந்தேன். நேரத்தை முன்னே தள்ளினால் ஏமாறிவிடும் என்று தோன்றியதும் எண்ணுவதற்கு மாற்றினேன். மெஷின் அணைந்திருந்தால் எண்ணாது. ஆக, ஆறு மணி நேரம் மெஷின் ஓடியாக வேண்டும்.

ஐந்து வாரத்தில் 11 விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அந்த வரிகளைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ‘மயில் கழுத்து மாதிரி வேண்டும்’, ‘ஒட்டியாணம் பார்க்க’, ‘தலைவலி’, ‘பட்டறைக்காரர் திட்டினார்’, ஒன்றில் வெறுமனே ‘மழை’. கதவு திறந்தபோது ஏழு முறை நான் உள்ளே போகவே இல்லை, கொதிப்பு அடங்கியிருந்தது. மூன்று முறை வேண்டிய படங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு முறை முழு மணி நேரமும் போனது. மூடிக்கொண்டதும் எழுந்து தண்ணீர் குடித்தேன். முன்பு போல ஒன்றே கால் ஆகவில்லை.

போன் பக்கம் இன்னும் திருப்தி இல்லை. தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சேவையை நாமே தேர்ந்தெடுக்கும் பிரைவேட் டிஎன்எஸ் வைத்து அடைத்திருக்கிறேன், ஆனால் செட்டிங்ஸில் போய் அணைப்பது எளிது. போனை முழுக்க அழித்து, எந்தக் கணக்கும் சேர்க்கும் முன் கம்ப்யூட்டரிலிருந்து போனின் முழுக் கட்டுப்பாட்டைத் தரும் ‘டிவைஸ் ஓனர்’ உரிமையை ஒரு செயலிக்குக் கொடுத்தால், டிஎன்எஸ்ஸை மாற்றுவதையும், நாம் போட்ட செயலிகள் ஓடாமல் போனைத் திறக்கும் சேஃப் மோடையும் தடுக்கலாம். தீபாவளி ஆர்டர் முடியும்வரை போனை அழிக்கத் துணிச்சல் இல்லை. அதுவரை இரவு ஒன்பதுக்கு மேல் போன் அம்மாவின் பீரோவில்.

லேப்டாப்பில் அப்டேட்டுகள் சேர்ந்து நிற்கின்றன, நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும். வரும் ஞாயிறு மலைக்குப் போகிறேன். அத்தை இந்த முறை மறக்காமல் இருபது தட்டுவடை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார், நொறுங்காமல் டப்பாவில் போட்டு.