11, 13, 15, 17: சிறுவர் நீதி முறைமையை நான் படித்த விதம்

இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் நன்னடத்தை உத்தியோகத்தர் (probation officer) ஆவதற்கான போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் தம்பி தங்கச்சிமார் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "சிறுவர் நீதி முறைமையை எப்படிப் படிச்சீங்க?" நுண்ணறிவு, பொது அறிவு பேப்பர்களுக்கு என்னிடம் தனி வித்தை எதுவும் இல்லை. கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகினால் போதும். இந்தப் பகுதிதான் ஆளைக் கவிழ்க்கும். கையில் கிடைக்கும் டியூட் (டியூஷன் குறிப்பு) எல்லாம் சட்டங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி வைத்திருக்கும். 1939, 1944, 1998 என்று மனப்பாடம் செய்துகொண்டு போவோம். பேப்பரிலோ ஒரு சம்பவத்தைத் தந்து, இந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று கேட்பார்கள்.

ஆகவே ஆண்டு வரிசையை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பொலிஸில் தொடங்கிக் கடைசிவரை அவன் பின்னாலேயே போங்கள்.

நான் எடுத்துக்கொண்டது மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஒரு போன் களவு. பிடிபட்டவனுக்கு வயது 11 என்று வைத்து எழுதினேன். பிறகு அதே களவை 13, 15, 17 வயதுக்காரர்கள் செய்ததாக வைத்துத் திரும்பத் திரும்ப எழுதினேன். பாடத்தில் முக்கால்வாசி இதற்குள் வந்துவிடும்.

11 வயதுக்காரன் செய்தது சட்டப்படி குற்றமே இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 75 ஆம் பிரிவில் இந்த வயது முன்பு 8 ஆக இருந்தது. 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் திருத்தம் அதை 12 ஆக்கியது. பழைய டியூட்களில் இன்னும் 8 என்றே கிடக்கிறது, கவனம். குற்றம் இல்லை என்பதற்காக அவனை அப்படியே விட்டுவிடுவார்கள் என்றும் எழுதிவிடாதீர்கள். பார்க்க ஆளில்லாத பிள்ளை, கூடாத சேர்க்கையில் விழுந்த பிள்ளை என்றால், 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளை' என்ற வழியாக அவனும் சிறுவர் நீதிமன்றத்துக்கு வரலாம்.

13 வயதுக்காரனுக்கு 76 ஆம் பிரிவு. 12 க்கும் 14 க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலின் தன்மையும் விளைவும் விளங்கும் அளவுக்கு முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் குற்றமில்லை. 15 வயதுக்காரனுக்கு அந்தக் கேள்வியே எழாது, அவன் பொறுப்புக் கூற வேண்டியவன். ஆனால் அவனை விசாரிக்கும் முறை பெரியவர்களுக்கானது அல்ல.

சிக்கலானவன் 17 வயதுக்காரன். 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 14 க்குக் கீழ்ப்பட்டவரைச் சிறுவர் என்றும், 14 முதல் 16 க்குக் கீழ்ப்பட்டவரை இளம் ஆள் என்றும் பிரித்தது. 16 ஆனவுடன் அந்தச் சட்டத்துக்கு வெளியே. 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயமோ 18 வரை சிறுவர் என்கிறது. இந்த இடைவெளியை அடைக்க முப்பது வருடம் பிடித்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வந்த பிறகுதான் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரும் சிறுவர் ஆனார்கள். இது போதாதென்று, 16 முதல் 22 வரையானவர்களைப் பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்ப, இளங்குற்றவாளிகளுக்கென்று 1939 இலேயே இன்னொரு கட்டளைச் சட்டமும் வந்தது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது மிகச் சாதாரணம்.

சரி, பிள்ளை பிடிபட்டுவிட்டான். பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பணியகம் அவனைப் பொறுப்பெடுக்கும். பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும், பெரிய கைதிகளோடு சேர்த்து வைக்கக் கூடாது. அடுத்தது நீதிமன்றம். சிறுவர்களுக்கென்றே தனி நீதவான் நீதிமன்றங்கள் பத்தரமுல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று என்று அந்தந்த நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமரும். வேறு அறையில், அல்லது வேறு நாளில், வேறு நேரத்தில். கொலை போன்ற பட்டியலிடப்பட்ட பாரதூரமான குற்றங்கள் இந்த நீதிமன்றத்துக்கு வராது. அதனால் "பிள்ளை என்றால் சிறுவர் நீதிமன்றம்" என்று ஒரே வரியில் எழுதினால் புள்ளி போகும்.

வழக்கை நேரில் பார்த்துப் படிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது, பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. பிள்ளையின் பெயர், முகவரி, பாடசாலை என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடவும் கூடாது. எங்கள் ஊர் முகநூல் பக்கங்களில் பாடசாலைச் சீருடையோடு படத்தைப் போட்டுவிட்டு முகத்தை மட்டும் மறைத்திருப்பார்கள். பேட்ஜைப் பார்த்தால் ஊருக்கே தெரியும்! நேர்முகத்தில் சட்டத்தோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி, அதிகம் பேர் தடுமாறுகிற இடம்: யார் மத்திய அரசு, யார் மாகாணம்? பொலிஸ், நீதிமன்றம், சிறைச்சாலை மத்திய அரசின் கீழ். அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தத்தோடு நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் மாகாணத்துக்கு வந்தன. அதனால் கிழக்கு மாகாணத்துக்கென்று ஒரு திணைக்களம், நாட்டுக்கென்று தேசிய மட்டத்தில் ஒரு திணைக்களம் என்று ஏறத்தாழ ஒரே பெயரில் இரண்டு உண்டு. நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத்து ஆள். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் தேசியத் திணைக்களத்து ஆள். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உத்தியோகத்தர் மூன்றாமவர். 1929 என்ற முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் அந்தச் சபையுடையது. முறைப்பாடு கொண்டுவரும் ஒரு தாய்க்கு மூவரும் ஒன்றுதான். நீங்கள் பேப்பரில் அப்படி எழுத முடியாது. நேரம் இருந்தால் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் இவர்களிடம் பேசுங்கள். அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

நன்னடத்தை உத்தியோகத்தரின் உண்மையான வேலை, நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை. அதை எழுதிப் பழகாமல் பரீட்சைக்குப் போகாதீர்கள். போன் களவு செய்த 15 வயதுக்காரனையே எடுங்கள். தாய் கட்டாரில் வீட்டுவேலை, தகப்பன் வேறு குடும்பம், பையன் அம்மம்மாவோடு. பாடசாலை வரவுப் பதிவேட்டில் எந்த மாதத்திலிருந்து வரவு குறைகிறது? பகலில் எங்கே நிற்கிறான், யாரோடு? வீட்டில் யார் சமைக்கிறார், இரவில் அவன் வந்தானா என்று யார் பார்க்கிறார்? கிராம உத்தியோகத்தரும் வகுப்பாசிரியரும் சொல்வது ஒத்துப்போகிறதா? கடைசியில் உங்கள் சிபாரிசு. எச்சரித்து நிபந்தனையோடு விடுவதா, நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் விடும் நன்னடத்தைக் கட்டளையா, அம்மம்மாவிடமோ தகுந்த வேறொருவரிடமோ ஒப்படைப்பதா, நீதிமன்றக் கட்டளையில் பிள்ளையைத் தங்கவைக்கும் சான்றுபெற்ற பாடசாலையா? முன்பு ஆண்பிள்ளைக்குப் பிரம்படியும் இந்தப் பட்டியலில் இருந்தது. 2005 இல் அதை நீக்கிவிட்டார்கள்.

சான்றுபெற்ற பாடசாலை என்று எழுதக் கை பரபரக்கும், ஏதோ பள்ளிக்கூடம்தானே என்று. அதைக் கடைசித் தெரிவாக வையுங்கள். யாழ்ப்பாணத்து அச்சுவேலியிலோ கொழும்புப் பக்கத்து மாக்கொலையிலோ இருக்கும் பேரனைப் பார்க்க அக்கரைப்பற்றிலிருந்து ஒரு அம்மம்மா எத்தனை தரம் பஸ் ஏறுவா? எனக்கு இந்த முறைமையில் பிடிக்காததும் இதுதான். களவு செய்த பிள்ளைக்கும், வீட்டில் அடிபட்டுத் தப்பி வந்த பிள்ளைக்கும் ஒரே கட்டளைச் சட்டம், ஒரே நீதவான். கடைசியில் இருவருமே வீட்டைவிட்டு நிறுவனம் ஒன்றுக்குள் போக நேரலாம். கட்டுரை வினாவில் விமர்சனம் கேட்டால் நான் இதைத்தான் எழுதுவேன், பாடப்புத்தக விமர்சனங்களை அல்ல.

கிழக்கு மாகாணத்துக்காரர் 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளின் வளர்ப்புப் பராமரிப்புப் பற்றி அதில் இருக்கிறது, அலையில் அதிகம் இழந்தது அம்பாறைக் கரைதான். நேர்முகத்தில் என்னிடம் அதைக் கேட்டார்கள். அடுத்து, "17 வயதுப் பையன், கூட்டாளி 20 வயது, இருவரும் சேர்ந்து களவு. எந்த நீதிமன்றம்?" என்றார்கள். வயது வந்தவரோடு சேர்த்துக் குற்றம் சுமத்தினால் அது சிறுவர் நீதிமன்றத்துக்குப் போகாது. இந்த ஐந்தாவது பையனையும் உங்கள் கொப்பியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.